சிறு வீடியோ ஸ்டூடியோ: கலைஞர்களும் கடைக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் சுயாதீன இசைக்கலைஞர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் வீடியோ எடுத்துத் தரும் ஒரு சிறிய ஸ்டூடியோவை நடத்தி வருகிறோம். கேமரா, எடிட், ஒலி, கணக்கு எல்லாவற்றையும் நான்கு பேர் பங்கிட்டுச் செய்கிறோம். முதன்முறை அழைப்பவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகளாக இருக்கின்றன. முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகள் பணம் கைமாறிய பிறகு எழுந்து மனக்கசப்பில் முடிகின்றன. ஆகவே பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். சட்டம் தொடர்பான பதில்கள் பொதுவான விளக்கங்களே. பெரிய தொகை சம்பந்தப்பட்ட இடத்தில் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நீங்க கல்யாண வீடியோவும் எடுப்பீங்களா?

எடுப்பதில்லை. அதற்கென்றே தேர்ந்த ஸ்டூடியோக்கள் மதுரையில் நிறைய இருக்கின்றன. சொந்தமாகப் பாட்டெழுதி இசையமைப்பவர்களுக்குப் பாடல் வீடியோ, நாடகக் குழுக்களுக்கும் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் நிகழ்ச்சிப் பதிவு, கைத்தறி, மசாலா, பேக்கரி போன்ற தொழில் செய்பவர்களுக்கு விளம்பரப் படமும் அறிமுகப் படமும் செய்கிறோம்.

போன்லயே நல்லா எடுக்க வருதே, அப்புறம் ஸ்டூடியோ எதுக்கு?

அன்றாடம் போடும் ரீல்ஸுக்குப் போனே போதும். அதற்கு எங்களை அழைத்துச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறோம். புதுச் சரக்கு வந்திருக்கிறது, நாளை கடை விடுமுறை என்பன போன்ற செய்திகளைக் கடைக்காரரே தம் வாயால் சொல்லும்போது கிடைக்கும் நம்பகம் எங்கள் கேமராவில் வராது.

போன் தடுமாறுவது ஒலியிலும் விளக்கொளியிலும் நிறத்திலும்தான். மாசி வீதியில் நின்று பேசினால் உங்கள் குரலும் ஆட்டோ ஹாரனும் ஒரே அளவில் பதிவாகும். சட்டையில் செருகும் சிறு மைக் ஒன்றை வாங்கினால் அந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். கடையின் விளக்குகளுக்கு அடியில் எடுத்த வீடியோவில் கருநிறப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. போன் 30 ஃபிரேமில், தானே தேர்ந்த ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது அந்த மினுக்கம் படத்தில் ஏறிவிடுகிறது. போனின் ப்ரோ மோடில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். நிறத்தைப் பற்றிக் கீழே சேலைக் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பாட்டு எடுக்க எவ்வளவு ஆகும்? தோராயமா ஒரு தொகை சொல்லுங்க.

பாட்டைக் கேட்காமல் தொகை சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் தொகை எப்படிச் சேர்கிறது என்பதைச் சொல்லலாம். படப்பிடிப்புச் செலவைக் கால்ஷீட் கணக்கில்தான் பார்க்க வேண்டும். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை ஒரு கால்ஷீட் என்று நாங்கள் வைத்துக்கொள்கிறோம். கேமரா, லென்ஸ், லைட் வாடகை, உதவியாளர்களின் சம்பளம், பேட்டா, வண்டி, சாப்பாடு, மேக்கப், லொக்கேஷன் வாடகை ஆகிய அத்தனையும் கால்ஷீட் ஒன்று கூடினால் மறுபடியும் முழுதாக விழும். அதன் பிறகு எடிட், டி.ஐ. எனப்படும் நிறத் திருத்தம், ஒலி மிக்ஸிங், சப்டைட்டில் ஆகியவை தனி. பலர் கேமராவின் மாடலைச் சொல்லிப் பேரத்தைத் தொடங்குகிறார்கள். உண்மையில் கேமராவைவிட ஆட்களும் இடமாற்றங்களும்தான் பட்ஜெட்டைத் தின்கின்றன. ஒரு லொக்கேஷனிலிருந்து இன்னொன்றுக்குப் பொருட்களை ஏற்றி இறக்கி லைட் வைப்பதற்குள் நல்ல வெயில் போய்விடும்.

தொகையில் பாதியை அட்வான்ஸாக வாங்குகிறோம்; ரஃப் கட் எனப்படும் முதல் கட்ட எடிட்டைக் காட்டும்போது ஒரு பகுதி, இறுதிக் கோப்பைத் தரும்போது மீதி. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஸ்டூடியோ எதுவானாலும் இந்தச் சேவைக்கு 18 சதவீதம் சேர்த்துத்தான் பில் போடும். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நீங்களும் பதிவு பெற்ற வணிகர் என்றால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளலாம் என்பதால் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைத் தவறாமல் கொடுங்கள்.

என்கிட்ட இருக்கிறது ரொம்பக் கம்மி. அதுக்குள்ள முடியுமா?

முடியும், ஆனால் கற்பனையை பட்ஜெட்டுக்கு ஏற்ப முதலிலேயே சுருக்கிக்கொள்ள வேண்டும். நான்கு இடங்கள், மூன்று உடைகள், ஒரு கதை என்று எழுதிவிட்டுப் படப்பிடிப்பு நாளில் ஒவ்வொன்றாக வெட்டுவதுதான் மிக மோசமான வழி. புதிதாகப் பாட வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரே இடத்தில், ஒரே உடையில், பாடகரும் வாத்தியக்காரர்களும் நேரடியாக இசைக்கும் பதிவு. கேட்பவருக்கு உங்கள் குரல்தான் முதலில் அறிமுகமாக வேண்டும். வாடகைக் காரும் மலைச்சரிவும் பிறகு வரலாம்.

அதைவிடக் குறைவாக இருந்தால், பாடல் வரிகளைத் திரையில் எழுத்தாக ஓட்டும் லிரிக்கல் வீடியோ செய்யலாம். ஒளிக்கும் பெரிய செலவு தேவையில்லை. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னும், மாலையில் சாயத் தொடங்கிய பின்னும் மதுரையின் பழைய வீட்டு முற்றங்களில் கிடைக்கும் ஒளியை ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையால் முகத்தில் திருப்பினாலே அழகான படம் கிடைக்கும். நண்பகலில் மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். கண்ணுக்கடியில் விழும் நிழலை எந்த டி.ஐ.யாலும் நீக்க முடியாது.

இப்போ இலவசமா எடுத்துக் கொடுங்க, வியூஸ்ல வர்ற காசுல பாதி உங்களுக்குத் தர்றேன். சரியா?

உங்கள் பாட்டின் மேல் நம்பிக்கை இல்லாததால் மறுப்பதாக நினைக்க வேண்டாம். யூட்யூபில் விளம்பர வருமானம் வர வேண்டுமென்றால் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வைகள் வேண்டும். அந்த எல்லையைத் தொட்ட பிறகும் நீண்ட வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 சதவீதம்தான் சேனலுக்கு வருகிறது. முதல் பாட்டை வெளியிடும் கலைஞரின் வீடியோவில் அந்தத் தொகை லைட்மேனின் ஒரு நாள் சம்பளத்தைக்கூட எட்டுவது அரிது. அவருக்குப் படப்பிடிப்பு முடிந்த மாலையே நாங்கள் கூலி கொடுத்தாக வேண்டும்.

எங்கள் நேரத்துக்கான கட்டணத்தை வேண்டுமானால் தவணையாக வாங்கிக்கொள்கிறோம். வாடகையையும் மற்றவர்களின் கூலியையும் தள்ளிப்போட இயலாது.

ஷூட்டுக்கு முன்னாடி நாங்க என்ன தயார் பண்ணி வைக்கணும்?

கலைஞர்கள் பாட்டின் இறுதி மிக்ஸை முடித்துவிட்டு வர வேண்டும். படப்பிடிப்புக்குப் பிறகு வேகத்தைச் சற்று மாற்றினாலும், ஒரு வரியைத் திரும்பப் பாடினாலும் உதட்டசைவு ஒட்டாது. 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகத் தாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒலிக்கோப்பாக அனுப்பியது சுருங்கிவிட்டிருக்கலாம். பாடல் வரிகளைத் தட்டச்சு செய்து, யார் எந்த வரி பாடுகிறார் என்று குறித்திருந்தால் நல்லது. ஸ்லோ மோஷனில் உதடு அசைக்கும் காட்சி வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் அப்போது 50 ஃபிரேமில் எடுப்போம், பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்கேற்ப நீங்கள் பாட வேண்டும்; 25 ஃபிரேமில் ஓட்டும்போது உடல் மெதுவாக அசையும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகச் சேரும். வீட்டில் பயிற்சி எடுக்காமல் வந்தால் நாக்கு குழறும்.

வணிகர்கள் கொண்டுவர வேண்டியது ஒரே ஒரு பக்கம். இந்தப் படத்தை யார் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு அவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் போதும். "எல்லாரும் பார்க்கணும்" என்று எழுதி வருபவர்களோடு உட்கார்ந்து அதை மாற்றி எழுதுவதற்குத்தான் எங்கள் முதல் சந்திப்பு முழுவதும் செலவாகிறது. அந்த நேரத்துக்கு நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. படம் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தில்தான்.

எங்க குழுவுல பறை இருக்கு. அதை எடுக்கிறதுல தனியா எதாவது கவனிக்கணுமா?

நிறைய உண்டு. தோல் ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். தளர்ந்த பறையில் அடி மந்தமாக விழும். ஆட்டக்காரர்கள் வைக்கோலோ ஓலையோ மூட்டி, பறையைத் தீக்கு எதிரே சுழற்றிக் காய்ச்சி, விரல் நுனியால் தட்டி, ஓசை ஏறிவிட்டதா என்று பார்ப்பார்கள். சற்று நேரம் வாசித்தபின் மறுபடியும் காய்ச்ச வேண்டியிருக்கும். ஆகவே திறந்த வெளியில், தீ மூட்ட அனுமதியுள்ள இடத்தில் படப்பிடிப்பை வைக்கிறோம், ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் காய்ச்சும் நேரத்தையும் கால்ஷீட்டில் சேர்க்கிறோம். காய்ச்சும் காட்சியையே ஒரு ஷாட்டாக எடுப்பது எங்கள் வழக்கம். பக்கவாட்டிலிருந்து வரும் தீயொளியில், தோலின் மேல் பல காலம் விழுந்த அடிகளின் தடம் தெரியும்.

ஒலிப்பதிவில் மைக்கின் தானியங்கி அளவை அணைத்துவிட வேண்டும். அடிக்குச்சி விழும் கணத்தில் ஒலி திடீரென்று உச்சத்துக்குப் போகிறது; தானியங்கி அளவு அதை அமுக்கிவிட்டு, அடுத்து வரும் சுண்டுக்குச்சியின் நுண்ணிய ஓசையையும் சேர்த்து விழுங்கிவிடும். ஒத்திகையின் உரத்த பகுதியில் அளவுகோல் உச்சிக்கு 12 டெசிபெல் கீழே நிற்கும்படி வைத்தால் ஆட்டத்தின் உச்சத்திலும் ஒலி உடையாது. பறையோடு பாட்டும் இருந்தால் பாடகருக்குத் தனி மைக் கொடுத்து, அவரைப் பறைகளுக்கு முன்னால் சற்றுத் தள்ளி நிறுத்துகிறோம்.

சேலை நேர்ல ஒரு கலர், வீடியோல ஒரு கலர். கஸ்டமர் திருப்பி அனுப்புறாங்க. இதைச் சரி பண்ண முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் எடிட்டில் அல்ல, எடுக்கும்போது. கடையில் ஒரு பக்கம் வெள்ளை டியூப்லைட், இன்னொரு பக்கம் மஞ்சள் எல்.இ.டி., வாசலிலிருந்து வெயில் என்று மூன்று ஒளி கலந்து விழும்போது எதை வெள்ளை என்று கொள்வது என்பது கேமராவுக்கே தெரியாது. கடை விளக்குகளை அணைத்துவிட்டு, நிறம் காட்டும் திறன் 95க்கு மேல் உள்ள ஒரே வகை லைட்டுகளை மட்டும் போட்டு, முதல் ஷாட்டில் நிற அட்டையைச் சேலைக்குப் பக்கத்தில் பிடித்து எடுத்துவிடுகிறோம். டி.ஐ.யில் அந்த அட்டையின் கட்டங்களைச் சரியான மதிப்புக்குக் கொண்டுவந்தால் சேலையும் தன் நிறத்துக்கு வந்துவிடும். அரக்கும் குங்குமச் சிவப்பும்தான் மிகுந்த தொல்லை. மொத்தப் படமும் சரியான வெளிச்சத்தில் இருப்பதுபோல் தோன்றும்போதே சிவப்பு மட்டும் எல்லை கடந்து, நெசவு தெரியாத ஒரே பூச்சாகிவிடும்; மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் அளவைப் பார்த்துத்தான் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும்.

சுங்குடிக்கு இன்னும் ஒன்று. மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியைச் சிறு சிறு புள்ளியாகக் கிள்ளி நூலால் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். அவிழ்ந்த இடத்தில் துணி சற்றே மேடாகச் சுருங்கி நிற்கும். அச்சடித்த புள்ளியில் அந்தச் சுருக்கம் இருக்காது. நேரெதிரே லைட் வைத்தால் அந்த மேடு மறைந்து கட்டியதும் அச்சடித்ததும் ஒன்றுபோல் தெரியும். லைட்டைத் தாழ்த்திப் பக்கத்திலிருந்து வீசினால் ஒவ்வொரு புள்ளிக்கும் தன் நிழல் கிடைக்கும். கைவேலைக்கு விலை கேட்கும் வியாபாரி வாங்குபவருக்குக் காட்ட வேண்டியது அந்த நிழலைத்தான்.

வாங்குபவரின் போன் திரை எப்படியிருக்கும் என்பது யார் கையிலும் இல்லை. அதனால் பகல் வெளிச்சத்தில் சேலையைக் கையில் பிடித்த ஒரு ஷாட்டையும் சேர்க்கச் சொல்கிறேன்.

யூட்யூபுக்கு எடுத்த வீடியோவையே ரீல்ஸுக்கும் போட்டுக்கலாம்ல?

போடலாம், வெட்டுப்படும். யூட்யூபுக்கு 16:9, ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் 9:16. அகலப் படத்திலிருந்து நெடும்படத்தை வெட்டும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அகலம்தான் மிஞ்சும். முன்பே சொன்னால், ஆள் நடுவில் நிற்கும்படி 4கேயில் எடுத்துவைப்போம். முக்கியமான இரண்டு மூன்று ஷாட்டுகளைக் கேமராவைத் திருப்பியும் எடுத்துவிடுவோம். விலையையும் கடைப் பெயரையும் நெடும்படத்தின் அடிப்பகுதியில் போடக் கூடாது. செயலியின் தலைப்பும் பொத்தான்களும் அதை மூடிவிடும்.

நான் அனுப்பின தமிழ் எழுத்து வீடியோல உடைஞ்சு வருது, ஏன்?

பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்ததை அனுப்பியிருப்பீர்கள், அல்லது எடிட் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு இயக்கப்படாமல் இருந்திருக்கும். அதனால் கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகப் பிரிகிறது. யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள், கூடவே சரியான வடிவத்தின் ஒரு படத்தையும் சேருங்கள். சந்திப்பிழை பார்ப்பதை நாங்களே செய்கிறோம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

எத்தனை தடவை கரெக்‌ஷன் கேட்கலாம்? எடுத்த ஃபுட்டேஜ் எல்லாம் எங்களுக்குக் கிடைக்குமா?

ரஃப் கட்டில் ஒரு முறை, டி.ஐ. முடிந்த பிறகு ஒரு முறை கரெக்‌ஷன் எங்கள் தொகைக்குள் அடங்கும். வரிசையையும் நீளத்தையும் முதல் சுற்றிலேயே சொல்லிவிட வேண்டும். நிறமும் ஒலியும் முடிந்த பிறகு ஷாட்டை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரிடும். குடும்பத்தில் ஐந்து பேர் பார்த்து ஐந்து கருத்து சொல்வார்கள் என்றால், அவற்றை ஒருவர் தொகுத்து ஒரே செய்தியாக அனுப்புங்கள்.

ஃபுட்டேஜ் கேட்டால் தருகிறோம், ஹார்ட் டிஸ்க் நீங்கள் கொண்டுவர வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 45 ஜிபி வரும். வேலை நடக்கும்போது மூன்று பிரதிகள் வைத்திருக்கிறோம், அவற்றில் ஒன்று ஸ்டூடியோவுக்கு வெளியே இருக்கும். இறுதிக் கோப்பைத் தந்த பின் எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும்.

விளம்பரத்துக்குப் பின்னாடி சினிமாப் பாட்டு போடலாமா? பத்து செகண்டுக்குள்ள இருந்தா காப்பிரைட் வராதுன்னு சொல்றாங்களே?

அப்படி ஒரு பத்து நொடி விதியோ முப்பது நொடி விதியோ 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. விமர்சனம், செய்தி, ஆய்வு போன்ற காரணங்களுக்கு நியாயமான அளவில் பயன்படுத்த அது இடம் தருகிறது. கடை விளம்பரம் அவற்றில் சேராது. இன்ஸ்டாகிராமில் நண்பர் போட்ட பாட்டு உங்கள் வணிகக் கணக்கில் கிடைக்கவில்லையே என்று குழம்புபவர்கள் உண்டு. வணிகக் கணக்குகளுக்கு அந்த நிறுவனம் வேறு பட்டியலைத்தான் திறந்துவிடுகிறது. தனிநபர் கணக்கிலிருந்து பாட்டோடு தரவிறக்கி வணிகத்துக்குப் போடுவது அனுமதியாகாது.

மதுரையிலேயே சொந்தமாக இசையமைக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் முப்பது நொடி இசை எழுதி வாங்கி, எழுத்தில் உரிமம் பெறுவதுதான் நாங்கள் காட்டும் வழி. உங்கள் கடைக்கென்று ஓர் இசையும், ஒரு கலைஞருக்கு வேலையும் கிடைக்கும்.

கவர் சாங் பண்றேன். குரலும் இசையும் என்னோடதுதானே, அதுல என்ன பிரச்சினை?

ஒலிப்பதிவு உங்களுடையது, மெட்டும் வரியும் உங்களுடையவை அல்ல. பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, மூலப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு, முன்னறிவிப்பும் ராயல்டியும் கொடுத்து மாற்றுப் பதிவு செய்ய வழி தருகிறது. ஆனால் அது ஒலிப்பதிவுக்கான வழி. படத்தோடு சேர்த்து வீடியோவாக வெளியிட உரிமையாளரின் அனுமதி தனியே வேண்டும். யூட்யூபில் பல கவர் பாடல்கள் நிற்பதற்குக் காரணம், உரிமையாளர்கள் அவற்றைத் தடுக்காமல் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்வதுதான். அது அவர்கள் விருப்பம், எப்போது வேண்டுமானாலும் மாறலாம். ஆகவே கவருக்கு ஒரு எளிய நேரடிப் பதிவு போதும், பெரிய செலவைச் சொந்தப் பாட்டுக்கு வையுங்கள் என்றே சொல்வேன்.

சொந்தப் பாட்டு போட்டேன், அதுக்கே காப்பிரைட் க்ளெய்ம் வந்திருக்கு. எப்படி?

பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். பாட்டை ஒலிச் செயலிகளில் வெளியிட நீங்கள் தேர்ந்த விநியோக நிறுவனமே அதை, ஒரே ஒலி எங்கே வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் யூட்யூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்திருக்கலாம். அப்படியானால் உங்கள் சேனலை விலக்கப் பட்டியலில் சேர்க்கும்படி அவர்களுக்கு எழுதினால் போதும். மற்றது, ஆன்லைனில் வாங்கிய பீட், அதாவது மேலே பாடிக்கொள்ள ஆயத்தமாக விற்கப்படும் பின்னணி இசை. குறைந்த விலைக்குக் கிடைக்கும் பீட் உரிமம் பெரும்பாலும் உங்களுக்கு மட்டுமானதல்ல. அதே பீட்டை வாங்கிய இன்னொருவர் தம் பாட்டைப் பதிவு செய்துவிட்டால் உங்கள் பாட்டும் அவருடையதாகக் கருதப்பட்டு க்ளெய்ம் வரும்.

உரிம ஆவணத்தையும் இரசீதையும் கையில் வைத்துக்கொண்டு மறுப்பு பதிவு செய்யுங்கள். க்ளெய்ம் செய்தவருக்குப் பதிலளிக்க 30 நாட்கள் உண்டு. க்ளெய்ம் வந்த 5 நாட்களுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்து வரும் வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். இந்தச் சிக்கலைத் தவிர்க்கவே, ஒப்பந்தத்துக்கு முன் உங்கள் பாட்டில் உள்ள பீட், லூப், சாம்பிள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம். சந்தேகப்படுவதாக எண்ண வேண்டாம்.

மீனாட்சி அம்மன் கோயில்ல எடுக்கலாமா? மகால்? மேலிருந்து ட்ரோன் ஷாட் ஒண்ணாவது வேணும்.

கோயிலுக்குள் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தமிழகக் கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்யும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடமும், தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரச் சின்னங்களும் இந்தியத் தொல்லியல் துறையிடமும் இருக்கின்றன. அங்கே வணிகப் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், உத்தரவு எங்கள் கையில் வராமல் கால்ஷீட் போடுவதில்லை. தெருவில் எடுக்க மாநகராட்சியிடமும் காவல் நிலையத்திடமும் பேசியாக வேண்டும். செட்டிநாட்டு வீடுகளும் பழைய அரிசி ஆலைகளும் உரிமையாளரிடம் பேசி வாடகைக்குக் கிடைக்கின்றன.

ட்ரோனுக்கு 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சையாகக் காட்டப்படும் பகுதியில் 400 அடி வரை பறக்கவிடலாம், சிவப்பிலும் மஞ்சளிலும் முன் அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிகத்துக்கு இயக்குபவருக்குச் சான்றிதழ் கட்டாயம். மதுரையில் விமான நிலையம் இருப்பதால் ஊருக்குள் எந்த இடம் என்று தெரியாமல் "ட்ரோன் உண்டு" என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை.

எங்க மூலிகைப் பொடி சாப்பிட்டா சுகர் குணமாகும். அதை விளம்பரத்துல தைரியமா சொல்லலாமா?

சொல்லக் கூடாது, நாங்களும் எடுக்க மாட்டோம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பொருளைப் பரிந்துரைத்துத் திரையில் தோன்றுபவருக்கும் இது பொருந்தும். அபராதத்தைக்காட்டிலும் பெரியது, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும் என்பது. மூலிகையை எங்கிருந்து வாங்குகிறீர்கள், எப்படி உலர்த்துகிறீர்கள், யார் இடிக்கிறார்கள் என்பதைக் காட்டுவோம். அதிலேயே வாங்குபவருக்கு நம்பிக்கை வரும்.

ஏஐ வச்சு ஒரு பெரிய பாடகரோட குரல்ல பாட வச்சுக்கலாமா?

அவரோ அவருடைய குடும்பத்தாரோ எழுத்தில் சம்மதித்தால் மட்டும். உண்மை என்று நம்பும்படியான செயற்கைக் காட்சியும் குரலும் இருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று யூட்யூபும் கேட்கிறது.

காசு கொடுத்தது நான். அப்போ வீடியோ முழுசும் எனக்குத்தானே சொந்தம்?

ஆம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. ஒருவர் கேட்டு, அதற்கு விலையும் கொடுத்து எடுக்கப்படும் படத்துக்கு அவரே முதல் உரிமையாளர் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் ஒப்பந்தத்திலும் அதையே எழுதுகிறோம். ஸ்டூடியோவின் மாதிரிப் படங்களில் சில நொடிகளைக் காட்டும் அனுமதியை மட்டும் கேட்கிறோம், அதையும் நீங்கள் மறுக்கலாம். சில இடங்களில் "உரிமை ஸ்டூடியோவுக்கே" என்ற வரி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

படம் சொந்தமானால் உள்ளே இருக்கும் அனைத்தும் சொந்தமாகிவிடாது. பாட்டின் மெட்டும் வரியும் அவற்றைப் படைத்தவர்களிடமே இருக்கும். வாசித்த கலைஞருக்கும் ஆடிய கலைஞருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. அவர்களிடம் படத்தில் இடம்பெறச் சம்மதிக்கும் கடிதத்தைப் படப்பிடிப்பு நாளிலேயே வாங்குகிறோம், தமிழில், அவர்கள் படித்துப் பார்க்க நேரம் கொடுத்து. நாட்டுப்புறக் கலைஞர்களிடம் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் இருப்பதால் இதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம்.

ஒரு மியூசிக் லேபிள் எங்க வீடியோவைக் கேட்குது. பணமும் தர்றாங்க. கொடுக்கலாமா?

லேபிளால் நன்மையும் உண்டு. உங்கள் சேனலால் எட்ட முடியாத கூட்டத்தை அவர்களால் எட்ட முடியும். ஆனால் கொடுப்பது உரிமமா உரிமை மாற்றமா என்று முதலில் பாருங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நாடுகள், என்ன ராயல்டி என்று அதில் குறிப்பிட வேண்டும். காலம் எழுதப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை எழுதப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறாகச் சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியாகிவிடும். அதனால்தான் லேபிள்களின் படிவத்தில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்ற சொற்களும், இந்த ஓராண்டு விதி பொருந்தாது என்ற வரியும் அடிக்கடி தென்படுகின்றன. அவற்றை அடித்துவிட்டு ஐந்து ஆண்டு என்று கேட்டுப் பாருங்கள். புதிய கலைஞர் என்பதற்காகத் தயங்க வேண்டாம், மறுத்தால் பேச்சு தொடரலாம், கேட்காவிட்டால் அந்த வாய்ப்பே இல்லை.

அந்தச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குள்ள சமபங்கைக் கேட்கும் உரிமையை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. உங்கள் நண்பர் வரி எழுதியிருந்தால் லேபிளோடு பேசும் முன் அவரோடு பங்கை எழுதிக்கொள்ளுங்கள். லேபிள் எங்களிடமும் தடையில்லாக் கடிதம் கேட்கும். கணக்கு தீர்ந்திருந்தால் அன்றே தந்துவிடுகிறோம். எழுத்துகள் பதிக்காத பிரதியையும், இசை தனியாகப் பிரித்த ஒலிக் கோப்பையும் அவர்கள் கேட்பது வழக்கம் என்பதால், இறுதிக் கோப்பைத் தரும்போதே இவ்விரண்டையும் சேர்த்துத் தந்துவிடுகிறோம்.